மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே

அத்தியாயம் 17

புதன்கிழமை வந்த அந்தப் போனை மாப்பிள்ளையே எடுத்திருந்தால் இந்தச் சனிக்கிழமை வேறு மாதிரி விடிந்திருக்கும். அவர் குளித்துக்கொண்டிருந்தார். எடுத்தது மனைவி.

"இரண்டாவது மருமகள் இருக்காங்களா?" என்று கேட்டது ஒரு பெண்குரல்.

"எங்க வீட்டுல முதல் மருமகளே கிடையாதே" என்றாள் இவள். மறுமுனையில் இருந்த இணைய இதழின் ஆசிரியை, "அப்போ உங்களுக்குத் தெரியாதா?" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

குட்டு அப்படித்தான் வெளிப்பட்டது. இரண்டு வருடமாக வாரம் தவறாமல் இணையத்தில் 'இரண்டாவது மருமகள்' என்ற பெயரில் தன் மாமியாரைப் பற்றி எழுதி, பல ஆயிரம் பேரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருப்பது ஒரு பெண்ணே அல்ல. லிப்ட் பழுது பார்க்கிற மனிதர். கல்யாணமான நாளிலிருந்து மாமனார் வீட்டோடு இருக்கிற மாப்பிள்ளை. ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அதிகம் என்று அந்த வீட்டில் பெயர் எடுத்தவர்.

மனைவி மூன்று நாள் கெடு கொடுத்திருந்தாள். அது இன்றோடு முடிகிறது.

இன்று மாலை நான்கு மணிக்கு நூலகக் கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் வாசகர் கூட்டம். இரண்டாவது மருமகள் முதல் முறையாக முகம் காட்டப் போகிறார் என்று அறிவிப்பு வந்த நாளிலிருந்து, அந்த வீட்டில் தரையில் கால் பாவாமல் நடந்துகொண்டிருந்தவர் ஒருவர்தான்.

மாமியார்.

*

சனிக்கிழமை காலை என்றால் அங்கே வாசிப்பு நேரம். தட்டுகளை எடுத்ததும் மாமியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, போனைத் தண்ணீர்க் கூஜாவில் சாய்த்து நிறுத்தி, உரக்கப் படிப்பார். ரயில் நிலையத்தின் ஒன்பதாம் நம்பர் கவுன்டரில் முப்பத்துநாலு வருடம் டிக்கெட் கொடுத்த குரல். வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கும். அவர் ஓய்வு பெற்று ஒன்றரை வருடமாகிறது. குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை.

"'எங்கள் மாமனார் மழை வருமா என்று முதலில் போனில் பார்ப்பார். பிறகு ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் பார்ப்பார். இரண்டிலும் நம்பிக்கை வராமல், அடுத்த தெரு நண்பரைக் கூப்பிட்டு அங்கே எப்படி என்று கேட்பார்.'"

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் மாமனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "யாரு பெத்த பிள்ளையோ, இப்படியும் ஒரு மடையன்."

மனைவி கணவரைப் பார்த்தாள். கணவர் கரண்டியைப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணுக்கு என்ன கண்ணு பாரு" என்றார் மாமியார். "எனக்கு ஒரு பையன் பிறந்து, இப்படி ஒரு மருமக வாய்ச்சிருந்தா வீடே கலகலன்னு இருந்திருக்கும். அந்த மாமியார்தான் சரியில்லை. அப்படியே நம்ம மூணாவது வீட்டுக்காரி. பூட்டின கதவை நாலு தரம் இழுத்துப் பார்க்கறதும், அடுத்தவங்க மடிச்சு வெச்ச துணியைப் பிரிச்சுத் திரும்ப மடிக்கறதும்."

சொல்லிக்கொண்டே, மகள் மடித்து வைத்திருந்த துண்டைப் பிரித்து, ஓரம் சேர்த்துத் திரும்ப மடித்தார்.

மகளுக்கு இருமல் வந்தது. எழுந்து சமையலறைக்குப் போனாள். கணவரும் பின்னாலேயே போனார்.

"எப்போ சொல்லப் போறீங்க?"

"சொல்றேன்."

"மேடையில உங்களைப் பார்த்து அம்மா தெரிஞ்சுக்கக் கூடாதுங்க. நாலு பேர் முன்னால அவங்க முகம் சுண்டிப் போயிடும்."

"தெரியும்."

"எழுதறப்போ மட்டும் கொட்டுதே. பேசறப்போ ஏன் இப்படிச் சொட்டு சொட்டா வருது?"

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். சிக்னலில் நின்றுவிட்ட மாணவர்களை நகர்த்துகிற அதே தொனி அது. கணவர் குழாயைத் திறந்து மூடினார்.

"மத்ததெல்லாம் எப்படியாவது சொல்லிடுவேன். அந்தப் பஸ் ஸ்டாப் வாரம்தான்."

"அதுக்கென்ன? அது கற்பனைதானே?"

அவர் தலையை இடவலமாக ஆட்டினார்.

மனைவி கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள்.

போன வருடம் வந்த பகுதி அது. கதையில் மாமியார் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார். மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்கு எழுந்து, தலை வாரி, கைப்பையை மாட்டிக்கொண்டு, 'கொஞ்சம் நடந்துட்டு வர்றேன்' என்று கிளம்புகிறார். பஸ் நிறுத்தம் வரை போகிறார். ஏழு நாற்பது பஸ் வருகிறது. அது போவதைப் பார்க்கிறார். ஒரு ரொட்டிப் பாக்கெட் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார். இருபத்துமூன்று நாள் இப்படி. யாரிடமும் மூச்சு விடவில்லை.

நிஜத்திலும் அப்படித்தான் நடந்தது. நிறுத்தத்துக்கு எதிர்க் கட்டடத்தின் மொட்டை மாடியில், லிப்ட் மோட்டார் இருக்கும் அறையில் அந்த மாதம் முழுக்க மாப்பிள்ளைக்கு வேலை. அங்கிருந்து பார்த்தார். அங்கேயே உட்கார்ந்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுதினார்.

அந்த வாரம் மாமியார் பாதி படித்ததும் நிறுத்திவிட்டார். "சார்ஜ் தீர்ந்துடுச்சு" என்றார். போனில் அறுபது சதவீதம் இருந்ததை மாப்பிள்ளை பார்த்தார்.

"அம்மாவா அது?" என்றாள் மனைவி மெதுவாக. "நான் தினமும் அந்த ரொட்டியைத் தின்னுட்டு, ஏம்மா இவ்வளவு ரொட்டின்னு சண்டை போட்டேன்."

வாசலில் ஹார்ன் சத்தம். அவளுடைய எட்டரை மணி மாணவர். அடுத்த நிமிடம் மாப்பிள்ளைக்கும் போன். மருத்துவமனையில் ஒரு லிப்டின் கதவு மூட மறுக்கிறதாம். மருத்துவமனை என்றால் உடனே போயாக வேண்டும்.

அவர் பையை எடுத்துக்கொண்டு கூடத்தைக் கடந்தபோது மாமனார் ஜன்னல் வழியே கையை நீட்டிக்கொண்டிருந்தார். இன்னொரு கையில் போன். "ஆமாப்பா, உங்க பக்கம் எப்படி?"

*

முகத்தைக் காட்டச் சொல்லி இணைய இதழில் யாரும் மாப்பிள்ளையை வற்புறுத்தவில்லை. அவரே எடுத்த முடிவு அது. காரணம் ஒரு கடிதம். 'அக்கா, இதை உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன், ஒரு பொம்பளைக்குத்தான் புரியும்' என்று தொடங்கி, ஒரு வாசகி தன் வீட்டு விஷயத்தை மூன்று பக்கம் எழுதியிருந்தாள். அவர் இரண்டாவது பத்தியில் நிறுத்திவிட்டார். மேலே படிக்கத் தனக்கு உரிமை இல்லை என்று பட்டது. மாப்பிள்ளை என்று போட்டு மாமியாரைப் பற்றி எழுதினால் புகார் மாதிரி இருக்குமே என்றுதான் அந்தப் பெயரை வைத்தார். அது இப்படி ஒருத்தியின் நம்பிக்கையை வாங்கிக்கொள்ளும் என்று நினைக்கவில்லை.

மூன்றேகால் மணிக்கு, மருத்துவமனைக் குளியலறையில் கிரீஸ் கையைக் கழுவி, இஸ்திரி போட்ட சட்டைக்கு அவர் மாறியிருந்தபோது மறுபடியும் அலுவலகத்திலிருந்து போன்.

"நூலகக் கட்டடம். மூணாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவுல நின்னுடுச்சு. உள்ளே ஒரு அம்மா. பயப்படலையாம். அதுக்குப் பதிலா, காவலாளியை அதட்டிட்டிருக்காங்களாம்."

"என்ன சொல்லி?"

"வரிசையில நில்லுங்கன்னு."

மாப்பிள்ளைக்கு உள்ளுக்குள் எதுவோ அந்த லிப்ட் மாதிரியே நின்றது.

*

நான்காம் மாடிப் படியில் மாமனார் மூச்சு வாங்க நின்றிருந்தார். அவர் லிப்டில் ஏற மாட்டார். "மாப்பிள்ளை லிப்ட் ரிப்பேர் பண்றார்னா லிப்ட் ரிப்பேர் ஆகும்னுதானே அர்த்தம்" என்பது அவர் கட்சி. முன்வரிசை போய்விடும் என்று மாமியார் மட்டும் ஏறியிருக்கிறார்.

மனைவி காரை நிறுத்திவிட்டு ஓடி வந்தாள். நிலைமையைப் பார்த்தாள். "அப்பா, நீங்க மேல போய் மூணு சீட் பிடிங்க" என்று அவரை அனுப்பிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்தாள்.

மாப்பிள்ளை மோட்டார் அறைக்குப் போய் மின்சாரத்தை நிறுத்திவிட்டு வந்தார். சாவி போட்டு நான்காம் மாடிக் கதவைக் கொஞ்சம் விலக்கினார். லிப்ட் இடுப்பளவு கீழே நின்றிருந்தது. அதன் உள்கதவு நாலு விரல் அகலம் திறந்திருந்தது. அவர் தரையில் உட்கார்ந்து குனிந்தார். இடுக்கில் மாமியாரின் தலையும், மூக்குக்கண்ணாடியும், இறுக்கிப் பிடித்த கைப்பையும் தெரிந்தன.

"அத்தை, நான்தான்."

"நல்ல நேரத்துக்கு வந்தீங்க மாப்பிள்ளை. சீக்கிரம் திறங்க."

"கூட்டாளி வரணும் அத்தை. மேல ஒருத்தர் பிரேக்கைத் தளர்த்தணும், கீழ ஒருத்தர் கதவுகிட்ட நிக்கணும். தனியா செய்யக் கூடாது. இருபது நிமிஷம்."

"நாலு மணிக்குக் கூட்டம். அந்தப் பொண்ணு பேச ஆரம்பிச்சுடுவா."

"ஆரம்பிக்க மாட்டாங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மாப்பிள்ளை படியில் இருந்த மனைவியைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள்.

"பேச வேண்டிய ஆள் இங்க தரையில உட்கார்ந்திருக்கு."

"சத்தமா சொல்லுங்க. ஒண்ணும் விளங்கலை."

"நான்தான் அத்தை இரண்டாவது மருமகள்."

உள்ளே கைப்பையின் பட்டன் ஒருமுறை திறந்து மூடியது.

"அப்போ அந்த மாமியார் மூணாவது வீட்டுக்காரி இல்லை."

"இல்லை."

"துணி மடிக்கறது?"

"நீங்கதான்."

"பூட்டை இழுத்துப் பார்க்கறது?"

"நீங்கதான்."

"டாக்டர்கிட்ட போய், டாக்டருக்கே மருந்து சொன்னது?"

"அன்னிக்கு உங்க கூட வந்தது நான்தானே அத்தை."

"அந்த டாக்டருக்கு இருமல் இருந்துதே. நான் சொன்னதுல என்ன தப்பு?" என்றார் மாமியார். அதைச் சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இரும்புப் பெட்டிக்குள் அந்தச் சிரிப்பு இரண்டு மடங்காகக் கேட்டது. "ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க. சோத்தைப் போட்டு, பக்கத்துல உட்கார வெச்சு, நானே உரக்கப் படிச்சும் காட்டியிருக்கேன். வாயைத் திறந்தீங்களா?"

பிறகு சிரிப்பு நின்றது. எப்போது நிற்கும் என்று காத்திருந்த மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார்.

"பஸ் ஸ்டாப்?"

"எதிர் மாடியில வேலை செஞ்சிட்டிருந்தேன் அத்தை. பார்த்தேன். கீழ வந்து பேசியிருக்கணும். என்ன பேசறதுன்னு தெரியலை. எழுதிட்டேன்."

உள்ளிருந்து வந்த பதில் கவுன்டர் குரலில் இல்லை.

"அதைப் படிச்சப்போ நான் என்ன நினைச்சேன் தெரியுமா? நம்மள மாதிரியே இன்னொருத்தி எங்கேயோ இருக்கா. அவளும் பையை மாட்டிட்டுப் போய் நிக்கறா. அப்போ நமக்கு ஒண்ணும் மூளை குழம்பிடலைன்னு நினைச்சேன். மறுநாள்லேர்ந்துதான் நிம்மதியா வீட்டுல உட்கார்ந்தேன். அவளைப் பார்க்கத்தான் இன்னிக்கு வந்தேன் மாப்பிள்ளை. இப்போ அவளும் நான்தான்னு சொல்றீங்க. அப்போ வேற யாரும் இல்லை."

படியில் இருந்த மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மாப்பிள்ளை இரண்டு வருடம் எழுதியதில் பயந்ததெல்லாம் மாமியார் கோபப்படுவார் என்றுதான். இதை அவர் யோசித்ததே இல்லை. சட்டென்று பையிலிருந்து போனை எடுத்தார்.

"அத்தை, நீங்க கதையை மட்டும்தான் படிப்பீங்க. கீழே ஆளுங்க எழுதறதைப் படிக்க மாட்டீங்க இல்லையா?"

"அதெல்லாம் வம்பு."

"அந்தப் பஸ் ஸ்டாப் வாரத்துக்குக் கீழ மட்டும் கேளுங்க." தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். "'நான் தபால்காரர். ஓய்வு பெற்று நாலு வருஷம். இன்னும் காலையில எழுந்ததும் நான் தபால் கொடுத்த தெருப் பேரையெல்லாம் வரிசை மாறாம மனசுக்குள்ள சொல்லிப் பார்க்கிறேன். ஒண்ணு விட்டுப்போனா அன்னிக்கு முழுக்க என்னவோ போல இருக்கு.'"

அடுத்ததைப் படித்தார்.

"'ஆஸ்பத்திரி சமையல்காரி. தினம் இருநூறு பேருக்கு உப்பு போட்ட கை. இப்போ ரெண்டு பேருக்குப் போடத் தெரியலை. வீட்டுக்காரர் பாவம், பேசாம தின்கிறார்.'"

"பாவம்தான்" என்றது உள்ளிருந்து.

"'பஸ் டிரைவர் எழுதறேன். என் ரூட்டுல ஒரு பெரியவர் இப்படித்தான் பையோட நிக்கிறார். கை காட்ட மாட்டார். ஆனாலும் நான் நிறுத்தி, கதவைத் திறந்து, ஒரு நிமிஷம் பார்த்துட்டுத்தான் போவேன். ஏறலைன்னாலும் பரவாயில்லை, பஸ் தனக்காக நின்னுதுன்னு இருக்கட்டும்.'"

"எனக்கும் ஒருத்தர் நிறுத்துவார்" என்றார் மாமியார். "சின்ன வயசு டிரைவர். நான் வேண்டாம்னு தலையாட்டுவேன்." மூக்கை உறிஞ்சும் சத்தம். "மொத்தம் எத்தனை பேர் எழுதியிருக்காங்க?"

"நானூத்திப் பன்னிரண்டு."

"இன்னொண்ணு படிங்க."

படித்தார். இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. ஒரு கணித ஆசிரியை, ஒரு கப்பல் சமையல்காரர், மணியடித்தே பழகிப் போய் இப்போதும் பத்து மணிக்குக் கை தானாக உயரும் பள்ளி ஊழியர். மாப்பிள்ளை தன் வாழ்நாளில் தொடர்ந்து இவ்வளவு நேரம் வாயைத் திறந்ததில்லை. கூட்டாளி படியேறி வந்து பின்னால் நின்றதைக்கூட அவர் கவனிக்கவில்லை. மனைவிதான் தோளைத் தட்டினாள்.

கூட்டாளி மேலே போய் பிரேக்கைத் தளர்த்த, லிப்ட் அங்குலம் அங்குலமாக ஏறி நான்காம் மாடித் தரையோடு சேர்ந்தது. கதவு விலகியது.

மாமியார் வெளியே வந்தார். மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார். சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. அதை எடுத்து, நீவி, நேராக வைத்தார்.

"கோபம் இருக்கு" என்றார். "அதை வீட்டுல வெச்சுக்கறேன். இப்போ நடங்க, நேரமாச்சு."

*

அரங்கில் இருநூறு நாற்காலி. எல்லாக் கண்ணும் ஒரு பெண் வருவாள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தன. டூல் பையோடு ஓர் ஆள் மேடையில் ஏறியதும், மைக் சரிசெய்ய வந்தவர் என்று நினைத்து ஒருவர், "சத்தம் பின்னால வரலை" என்று புகார் சொன்னார்.

மாப்பிள்ளை மைக்கைப் பிடித்தார். வார்த்தை வரவில்லை. லிப்ட் வாசலில் வந்ததெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"மாப்பிள்ளை" என்றது முன்வரிசை. கடைசி ஆளுக்கும் கேட்டது. "மைக்கை வாய்க்குக் கிட்ட வெச்சு, பேரைச் சொல்லுங்க. மத்தது தானா வரும்."

அரங்கம் அந்தக் குரலை அடையாளம் கண்டுகொண்டது. இரண்டு வருடமாக வாரா வாரம் அவர்கள் படித்த குரல். முதலில் ஒரு மூலையில் சிரிப்பு கிளம்பியது. பிறகு அரங்கம் முழுக்கப் பரவியது.

மாப்பிள்ளை பேரைச் சொன்னார். என்ன வேலை என்று சொன்னார். "என்னை அக்கான்னு நினைச்சு எழுதினவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன்" என்றார். "அப்படி வந்த ஒரு கடிதத்தை நான் முழுசாப் படிக்கலை. அவங்க இங்க இருந்தா, இது தெரிஞ்சிருக்கட்டும்."

நடு வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "அக்கா இல்லைன்னா அண்ணனா இருந்துட்டுப் போங்க. எழுதறதை மட்டும் நிறுத்திடாதீங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் மாமியார் எழுந்து கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "நான்தான் அந்த மாமியார். துணி விஷயம் உண்மை. பூட்டு விஷயம் உண்மை. பஸ் ஸ்டாப்பும் உண்மை. அங்கே நின்னவங்க யாராவது இங்க இருந்தா, போறதுக்கு முன்னால என்னைப் பார்த்துட்டுப் போங்க."

கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. அந்தச் சத்தத்துக்கு நடுவில் மாமனார் மகள் பக்கம் சாய்ந்தார்.

"அப்போ அந்த மழை பார்க்கற ஆளு?"

"நீங்கதான்ப்பா."

மாமனார் கொஞ்சம் யோசித்தார். "முன்னெச்சரிக்கையான ஆளு" என்றார்.

*

கூட்டம் முடிந்ததும் இரண்டு வரிசை நின்றது. மாப்பிள்ளை முன்னால் பன்னிரண்டு பேர். மாமியார் முன்னால் கதவைத் தாண்டி, படி வரை. "தள்ளாதீங்க, எல்லாருக்கும் உண்டு" என்று அவர் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார், எங்கே வேலை, எத்தனை வருடம் என்று கேட்டார். ஒன்றரை வருடம் தூங்கி எழுந்தவர் போல முகம் அப்படி விழித்திருந்தது.

கடைசியில் ஒருத்தி மிஞ்சினாள். நாற்பது வயதிருக்கும். பத்து வயதுப் பெண் குழந்தை ஒன்றின் கையைப் பிடித்திருந்தாள்.

"நீங்க ஒன்பதாம் நம்பர் கவுன்டர்ல இருந்தீங்களா?"

"ஆமா."

"குரலைக் கேட்டதும் தெரிஞ்சுது. பதினோரு வருஷத்துக்கு முன்னால ஒரு சாயங்காலம் உங்ககிட்ட ஒரு டிக்கெட் கேட்டேன். ஒரு ஊருக்கு, போறதுக்கு மட்டும். திரும்பி வர்ற எண்ணம் எனக்கு இல்லை. என் முகத்தைப் பார்த்துட்டு, நீங்க தர மாட்டேன்னு சொல்லிட்டீங்க."

மாமியாரின் கை கைப்பையின் மேல் அப்படியே நின்றது. கண்ணாடியைக் கழற்றினார். அவளைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

"நீயா?" என்றார்.

"நீங்க பண்ணினது சரின்னு சொல்லத்தான் இத்தனை நாள் தேடினேன்."

மாப்பிள்ளையின் விரல் தானாகச் சட்டைப் பையிலிருந்த பேனாவுக்குப் போயிற்று. திரும்பிப் பார்க்காமலே மாமியார் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இது வேண்டாம் மாப்பிள்ளை" என்றார். "இதை நான் எழுதறேன்."